ஷெரோமிக்குச் சொல்ல வேண்டியது

அந்தச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்று லோஜினிக்கு உடனே பிடிபடவில்லை. லோயர் ருக்சானா சொன்ன வசனம் சின்னதுதான். அகதிகள் தங்கள் குடும்பத்தைக் கூப்பிடுகிற வழியை அரசாங்கம் 'போஸ்' பண்ணி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். போஸ். வீட்டில் படம் பார்க்கும்போது தண்ணீர் குடிக்க எழும்புகிறவர் அமுக்கிவிட்டுப் போகிற பொத்தானின் சொல். திரும்பி வந்து அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து படம் ஓடும். இதுவும் அப்படி ஓடுமா, ஓடாதா, அது லோயருக்கே தெரியாது, குரலில் தெரிகிறது. இடைநிறுத்தம் என்று சொல்லலாம். ஆனால் இடைநிறுத்தம் என்றால் பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்த பெடியனை அதிபர் வீட்டுக்கு அனுப்புவதுதான் நினைவுக்கு வருகிறது, பிழை விட்டவர் தலையில் விழுகிற சொல் அது, இந்தத் தாய் என்ன பிழை விட்டாள். மூடிவிட்டார்கள் என்று சொன்னால் லோயர் சொன்னதைவிடக் கூடிப்போகும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, இந்த வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் படிப்பித்தது அதுதான். லைனில் மற்றப் பக்கம் ஒரு பெண் மூச்சுவிடுவது கேட்டது. மூக்கால் இழுத்து, கொஞ்சம் வைத்திருந்து, வாயால் விடுகிற மூச்சு. அவள் காத்திருக்கிறாள். லோயரும் காத்திருக்கிறாள். 'மொழிபெயர்ப்பாளர், கேட்டதா?' என்றாள் ஆங்கிலத்தில். கேட்டது. காதில் விழுந்தது முழுக்கக் கேட்டது. வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை.

இங்கிலாந்தில், கவன்ட்ரியில், லோஜினியின் குசினி மேசையில் போன் கிடந்தது, காதில் அதன் வயர். லோயர் இருப்பது வேறு நகரத்தில், தன் கந்தோரில். எமல்டா என்கிற அந்தப் பெண் இருப்பது வடக்குப் பக்கம் எங்கேயோ, அகதிகளைப் பகிர்ந்து இருத்தியிருக்கிற ஒரு வீட்டின் அறையில். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. லைன் முடிந்தால் எல்லாம் முடிந்தது. இத்தனை வருஷமாக லோஜினி இப்படித்தான் ஆட்களுடைய வாழ்க்கைக்குள் நடுவில் புகுந்து நடுவில் வெளியே வந்திருக்கிறாள், ஒரு கதைக்கும் முடிவு தெரியாது. கிட்னி மாற்றினவருக்கு அது ஒத்துக்கொண்டதா, அடிக்கிற புருசனை விட்டு வந்த பெண் திரும்பிப் போனாளா, ஒன்றும் தெரியாது. எமல்டா மன்னார்ப் பக்கம். குரலிலேயே தெரிந்தது, லோயர் கேட்க முதலே தெரிந்தது. கடற்கரையில் காற்றுக்கு மேலாகக் கூப்பிட்டுப் பழகின தொண்டை, அறைக்குள் இருந்து கதைக்கும்போது அதை எங்கே குறைப்பது என்று தெரியாமல் நடுங்குகிற தொண்டை. புருசனை வீட்டிலிருந்து கொண்டு போனார்கள், பிறகு அவளைத் தேடி வந்தார்கள், மகளைப் புருசனுடைய தங்கச்சியிடம் விட்டுவிட்டு அவள் மட்டும் வெளிக்கிட்டாள். இங்கே வந்து அகதிக் கோரிக்கை போட்டு, அவர்கள் மறுத்து, மேன்முறையீடு போட்டு, திரும்ப மறுத்து, திரும்பப் போட்டு, இப்போதுதான் அகதி என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். விட்டுவிட்டு வரும்போது மகள் ஷெரோமிக்குப் பதினொரு வயது. இப்போது பதினேழு.

"அகதியள் குடும்பத்தைக் கூப்பிடுற வழியை இப்போதைக்கு நிப்பாட்டி வைச்சிருக்கினம்," என்றாள் லோஜினி. நிப்பாட்டி வைச்சிருக்கினம். பரவாயில்லை, வந்துவிட்டது. உடனே எமல்டா கேட்டாள், "இப்போதைக்கு எண்டால் எவ்வளவு காலம்?" லோஜினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். லோயர் சொன்னாள், தெரியாது, புது விதிகள் வரும் என்கிறார்கள், வந்தாலும் பழையபடி லேசாக இராது. "தெரியேல்லை. புதுச் சட்டம் வருமெண்டு சொல்லீனம். வந்தாலும் முந்தி மாதிரிச் சுகமா இருக்காதாம்." கடைசியில் அந்த 'ஆம்' எப்படி ஒட்டிக்கொண்டது? இருக்காதாம். அது லோஜினியுடையது. யாரோ சொல்கிறார்கள், நான் சொல்லவில்லை என்று கையை உதறிவிடுகிற 'ஆம்'. ஒருவர் சொல்வதை அவராகவே நின்று சொல்ல வேண்டும், 'நான்' என்றால் 'நான்', 'என் மகள்' என்றால் 'என் மகள்', 'அவ சொல்லுறா' என்று ஒதுங்கக் கூடாது, அதுவும் சட்டம். எமல்டா சொன்னாள், "முந்தின லோயர் எனக்குச் சொன்னவர் அக்கா, கேஸ் வெண்டால் பிள்ளையை ஒரு சதமும் கட்டாமல் கூப்பிடலாம் எண்டு. அதை நம்பித்தானே நான் இவ்வளவு காலமும் இருந்தனான்." லோஜினி ஆங்கிலத்தில் சொன்னாள்: நான் வழக்கில் வென்றால் என் மகளைக் கட்டணம் இல்லாமல் கூப்பிடலாம் என்றார்கள். அதை நம்பித்தான் நான் இருந்தேன். என் மகளை. லோஜினிக்குப் பிள்ளையில்லை. இந்த வேலையில்தான் அவளுக்கு எத்தனை பிள்ளைகள், ஆங்கிலத்தில் மட்டும் பிறக்கிற பிள்ளைகள். ஒருவருக்கு நெஞ்சில் ஓட்டை, ஒருவருக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை, ஒருத்தி மன்னாரில் நிற்கிறாள். லோயர் சொன்னாள், அன்றைக்கு அவர் சொன்னது பிழையில்லை, அன்றைக்கு அதுதான் சட்டம்.

அன்றைக்கு அதுதான் சட்டம். லோஜினி அதைத் தமிழில் சொன்னாள், சொல்லும்போதே மனம் வேறொரு கந்தோருக்குப் போய்விட்டது, அங்கே ஒரு வெள்ளைக்கார லோயர் இதே வசனத்தை அவளுக்கு நேரே சொன்னார், அப்போது நடுவில் மொழிபெயர்க்க ஒருவரும் இருக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று போயிருந்தாள். முன்பெல்லாம் தனித்துப்போன தாயைப் பிள்ளைகள் கூப்பிடலாம், எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள், கோயிலில் வரிசையாகக் கம்பளிக் கோட்டுக்கு மேல் சேலை கட்டிக்கொண்டு இருந்த அம்மாமார். லோஜினி வேலை நிரந்தரமாகட்டும், அறை ஒன்று கூட்டிக் கட்டட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கச் சட்டம் மாறிவிட்டது. இனி அம்மாவைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை, காசு கொடுத்தாலும் ஆள் கிடைக்காது என்று காட்ட வேண்டும். அவள் மாதாமாதம் அனுப்பின காசின் ரசீதுத் துண்டுகளை எல்லாம், அம்மா தன்னைத்தான் நம்பியிருக்கிறா என்று காட்டுவதற்காக அடுக்கிக்கொண்டு போனாள். அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு, நல்லது, அப்படியானால் நீங்கள் காசு அனுப்பி அங்கேயே ஆள் வைத்துப் பார்க்கலாம்தானே என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அவர் கழுத்துப்பட்டியில் சின்னச் சின்ன வாத்துப் படங்கள். அந்த வாத்துகளை எண்ணி முடிக்கவில்லை, அதற்குள் எழும்பிவிட்டாள். அம்மா பிறகு காசுக்குப் பார்க்கிற ஒரு வீட்டில் கிடந்து, காசுக்குப் பார்க்கிற ஒரு பெண்ணின் கையால் தண்ணீர் குடித்து... அந்தப் பெண் நல்லவள். நல்லவள்தான். அதை நினைக்கக் கூடாது, லோயர் கதைக்கிறாள், ஒரு வசனம் போய்விட்டது. "மன்னிக்கவும், திரும்பச் சொல்கிறீர்களா?" என்றாள் லோஜினி. இத்தனை வருஷத்தில் இப்படிக் கேட்டது குறைவு. தன் வாயிலிருந்து வந்த அந்த ஆங்கிலம் யாரோ வேலை தெரியாதவளுடையது போல இருந்தது.

லோயர் திரும்பச் சொன்னாள், பொறுமையாக. அவளும் களைத்திருந்தாள், காலையிலிருந்து எத்தனை பேருக்கு இதையே சொல்லியிருப்பாளோ. வேறு ஒரு வழி இருக்கிறது. அகதிக்கென்று இல்லாமல், மற்ற ஆட்கள் பிள்ளைகளைக் கூப்பிடுகிற வழி. அதற்குக் கட்டணம் உண்டு, பிள்ளையின் வைத்தியத்துக்கென்று முன்கூட்டியே கட்டுகிற காசும் உண்டு, வருமானமும் வீடும் காட்ட வேண்டும். அதோடு ஷெரோமிக்குப் பதினெட்டு ஆவதற்கு முன்னால் எல்லாம் போட்டாக வேண்டும், பதினெட்டு ஆகிவிட்டால் அவள் விதியின் கண்ணில் பிள்ளையே இல்லை. லோஜினி துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டு போனாள். காட்ட வேணும். கட்ட வேணும். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். பிள்ளையே இல்லை என்கிற இடத்தில் குரல் தட்டுப்பட்டது, "அதுக்குப் பிறகு அவவைப் பெரிய ஆள் எண்டுதான் எடுப்பினம்" என்று கொஞ்சம் வழுக்கிப் போனாள். அது கூட்டினதா, குறைத்ததா? எமல்டா கேட்டாள், "எனக்கு இப்பதானே வேலை செய்யவே விட்டிருக்கினம். இவ்வளவு காலமும் வேலை செய்யாதே எண்டு சொல்லிப்போட்டு இப்ப வருமானம் காட்டு எண்டால் எங்க போவன்?" லோஜினி 'நான் எங்கே போவேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆங்கிலத்தில் அது கேள்வி மாதிரியே வந்திருந்தது, இடம் கேட்கிற கேள்வி. பிறகு லோயர் சொன்னாள், இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இங்கே இருக்க உங்களுக்குள்ள சொந்த அனுமதியே இனி முந்திய மாதிரி இல்லை, இடைக்கிடை ஊர் நிலைமையைத் திரும்பப் பார்ப்பார்கள், நிலைமை சீராகிவிட்டது என்று நினைத்தால் போகச் சொல்லவும் கூடும். இதையும் சொல்ல வேண்டும். லோஜினி சொன்னாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும். மூக்கால் இழுத்து, வைத்திருந்து. இந்த முறை நெடுநேரம் வைத்திருந்தாள், விடவே மாட்டாளோ என்று லோஜினி தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டணத்தைக் கழித்துத் தரச் சொல்லிக் கேட்கலாமா, அது எங்களுடைய பெரிய லோயரிடம் கேட்டுவிட்டு வருகிறேன், லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு ருக்சானா எழும்பிப் போனாள். கதிரை உருண்டது கேட்டது, கதவு கேட்டது. இந்த மாதிரி நேரத்துக்கும் சட்டம் இருக்கிறது. லோயர் இல்லாதபோது கட்சிக்காரரோடு மொழிபெயர்ப்பாளர் கதைக்கக் கூடாது. ஊர் சொல்லக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது. நேரில் போகிற வேலையென்றால் எழும்பி வெளியே போய் நிற்கலாம். போனில் எங்கே போவது? மௌனம் ஒன்றுதான் வெளியே போகிற கதவு. யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனான். கறிக்கென்று காலையில் வெளியே எடுத்துவைத்த மீன், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் உறைபனி கழன்று மணக்கத் தொடங்கியிருந்தது, மன்னார் மீனா, எங்கேயோ ஒரு சமுத்திரத்தின் மீன், பெட்டியில் பெயர் ஒட்டியிருக்கும், பார்க்கவில்லை. "அக்கா," என்றது குரல். "அக்கா, நீங்கள் கதைக்கக் கூடாது, எனக்குத் தெரியும். கதைக்க வேண்டாம். நான் சொல்லுறதை மட்டும் கேளுங்கோ. பிள்ளை மற்ற போனில காத்துக்கொண்டு நிக்கிறாள். பள்ளிக்கூடத்தால வந்த பெட்டையள் எல்லாம் போகுதுகள், இவள் மட்டும் காலமை தொட்டு வாசல்ல நிக்கிறாளாம், இண்டைக்கு லோயரோட கதைக்கிறன் எண்டு நான்தான் சொல்லிப்போட்டன். நான் எப்பிடி அக்கா சொல்லுவன்? எனக்கு வாய் வராது. அவளுக்குச் சொல்ல வெளிக்கிட்டால் நான் கத்திப்போடுவன். நீங்கள் வடிவா விளங்குறமாதிரிச் சொன்னீங்கள். அதை அப்பிடியே அவளுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கும் வாயைத் திறக்கத்தான் வேண்டும். இது பதிவாகிறதோ, சில அழைப்புகள் பதிவாகும், தரம் பார்ப்பதற்காக என்று தொடக்கத்தில் ஒரு குரல் சொல்லும், இன்றைக்குச் சொன்னதா, கவனிக்கவில்லை. போன வருஷம் குஜராத்தி மொழிபெயர்க்கிற ஒரு பெண்ணை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், கேஸ்காரருக்கு நல்ல டொக்டரின் பெயர் சொன்னாளாம், அவ்வளவுதான். இந்த வேலை போனால் வீட்டில் என்ன செய்வது, இந்தக் குசினிக்குள் யாருடைய 'நான்' ஆக இருப்பது? ஆனால் அம்மாவுக்குச் சொன்னது யார்? வாத்துக் கழுத்துப்பட்டிக்காரன் சொன்னதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது லோஜினிதான். நேரே சொல்ல முடியாமல், அம்மா, விசா கொஞ்சம் பிந்துமாம், கொஞ்சம் பிந்துமாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லி, அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பரவாயில்லைப் பிள்ளை என்று சொல்லி, கடைசிவரை அதை ஒருவரும் அம்மாவுக்குச் சொல்லவேயில்லை. லோயருடைய கதவு இன்னும் கேட்கவில்லை. "சரி, அவவை எடுங்கோ," என்றது ஒரு குரல், அது தன்னுடையதுதான் என்று லோஜினிக்கு அது வெளியே போன பிறகுதான் தெரிந்தது.

போனுக்குப் பக்கத்தில் போன் வைக்கிற சத்தம், கரகரப்பு, அதற்குள் ஒரு கோழி, ஒரு மோட்டார் சைக்கிள், பிறகு "அம்மா?" பெரிய குரல். பதினொரு வயதில் விட்டு வந்த பிள்ளையின் குரலை லோஜினி எதிர்பார்த்திருந்தாள் போல, இந்தக் குரல் ஒரு பெண்ணுடையது, தாயின் தொண்டை அப்படியே. "பிள்ளை, நான் அம்மாவுக்கும் லோயருக்கும் நடுவில ட்ரான்ஸ்லேசன் செய்யிற அன்ரி. அம்மா என்னைச் சொல்லச் சொன்னவ." "சொல்லுங்கோ அன்ரி." லோஜினி தொடங்கினாள். பழக்கதோஷம், வாய் தானாகவே அந்த வழியில் போய்விட்டது. "நான் உன்னை இப்ப கூப்பிட ஏலாது, ஷெரோமி. நான் கேஸ் வெண்டிட்டன், ஆனால் அந்த வழியை இப்ப நிப்பாட்டி வைச்சிருக்கினம். எப்ப திறப்பினம் எண்டு லோயருக்கும் தெரியாது. வேற வழியால போடலாம், அதுக்குக் காசும் கட்ட வேணும், வருமானமும் காட்ட வேணும், என்னட்ட ரெண்டும் இல்லை. உனக்குப் பதினெட்டாக முதல் ஒண்டும் சரிவராமலும் போகலாம்." நான். என்னட்ட. உனக்கு. ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்த 'நான்' கைக்கு உறை போட்ட மாதிரி. தமிழில் உறை இல்லை. பக்கத்தில் எமல்டா எங்கேயோ வாயைப் பொத்திக்கொண்டிருக்கிற சத்தம், சத்தமில்லாத ஒரு சத்தம், வந்தது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, 'ஆம்' கூடப் போடவில்லை. மன்னாரில் கோழி கத்தியது.

பிறகு பிள்ளை சொன்னாள், "அன்ரி, அம்மா பக்கத்தில நிக்கிறாவே?" "நிக்கிறா." "நான் சொல்லுறதை அவவுக்குச் சொல்லுவீங்களே?" பக்கத்தில்தானே நிற்கிறா, நீ கதைக்கிறது அவவுக்குக் கேட்கும்தானே, இதில் நான் எந்தப் பாஷையிலிருந்து எந்தப் பாஷைக்கு மாற்றுவது என்று லோஜினி நினைத்தாள், ஆனால் கேட்கவில்லை. "சொல்லுவன்." "வெளிநாடு போற பிள்ளைதானே எண்டு மாமி என்னை ஏ.எல் உயர்தர வகுப்பில சேர்க்கேல்ல. வகுப்பு தொடங்கிக் கனநாள். அப்ப நான் திங்கட்கிழமை போய்ச் சேரட்டோ எண்டு கேளுங்கோ." லோஜினி சொன்னாள், "நான் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில போய்ச் சேரட்டோ, அம்மா?" "பிறகு," என்றாள் பிள்ளை. அந்த இடத்தில் அவளுடைய மூச்சு ஒடிந்தது, மூக்கால் இழுத்து, வைத்திருந்து, விட முடியாமல். "பிறகு, நான் அழேல்லை எண்டும் சொல்லுங்கோ." கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். அதுதான் வேலை. லோஜினி கண்ணை மூடிக்கொண்டாள், கையில் பிடித்திருந்த வயர் நனைந்தது. "நான் அழேல்லை," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

"சேரச் சொல்லுங்கோ," என்றாள் எமல்டா, லோஜினியிடம். பிறகு, "இல்லை, பொறுங்கோ அக்கா," என்றாள். போன் இடம் மாறுகிற சத்தம். பிறகு அந்தக் கடற்கரைத் தொண்டை முழுதாகத் திறந்து, இத்தனை நேரமும் குறைத்து வைத்திருந்த அளவை எல்லாம் விட்டுவிட்டு, "ஷெரோமி! எடியே, போய்ச் சேர். நாளைக்கே போ. கொமர்ஸ் எடு, உனக்குக் கணக்கு வரும்," என்றது. "சாப்பிட்டியோ?" "இல்லை." "ஏன் சாப்பிடேல்லை? மாமி சமைக்கேல்லையோ?" "சமைச்சவ. நண்டு." "நண்டைக் கண்டுமோ சாப்பிடாமல் நிண்டனி?" அந்தப் பக்கம் பிள்ளை ஏதோ சொன்னாள், அழுகைக்குள் அது நொறுங்கிப் போயிற்று, எமல்டாவுக்கு மட்டும் விளங்கியது, அவள் அதற்குப் பதில் சொன்னாள், அதுவும் அழுகைதான், ஆனால் நண்டைப் பற்றிய அழுகை. லோஜினிக்கு இனி அங்கே வேலை இல்லை. காதிலிருந்து வயரைக் கழற்றிவிடலாம். கழற்றவில்லை. ஒட்டுக்கேட்கிறோம் என்று தெரிந்தும் ஒரு ஓரமாக, வாய் பேசாமல், அடுத்த வீட்டுக்காரி மாதிரி நின்றாள்.

கதவு திறந்தது. கதிரை உருண்டது. "மன்னிக்கவும், நேரமாகிவிட்டது," என்றாள் ருக்சானா, "கட்டணத்தைக் கழிக்கச் சொல்லி எழுதிப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார், விதிக்கு வெளியே, கருணை காட்டும்படி. ஆனால் நம்பியிருக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். நானும் அதையேதான் சொல்வேன். தயவுசெய்து அவருக்குச் சொல்கிறீர்களா?" பிறகு அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கதைப்பது. "யார் அது? என்ன சொல்கிறார்கள்?" இதுவும் சட்டம்தான், கேட்டதை எல்லாம் சொல்ல வேண்டும். லோஜினி வாயைத் திறந்தாள். நண்டு, கொமர்ஸ், திங்கட்கிழமை, எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் இருக்கிறது, எல்லாமே லேசான சொற்கள். "மகளோடு கதைக்கிறா," என்றாள் ஆங்கிலத்தில். "சாப்பாட்டைப் பற்றி. நான் பிறகு எல்லாம் சொல்கிறேன், நீங்கள் சொன்னதையும் அவவுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்." ருக்சானா ஏதோ சொல்ல வெளிக்கிட்டு நிறுத்திக்கொண்டாள். எங்கேயோ அவளுடைய பேனை மேசையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. "சரி," என்றாள், "பொறுக்கலாம்." லைனில் எமல்டா, கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், சாப்பிட்டு முடி என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.